வன்முறையை ஒப்பிடலும் பாலினச் சார்பும்: சேஷாசலம், வாச்சாத்தி நிகழ்வுகளை முன்வைத்து ஓர் அறநோக்கு

முன்னுரை

ஆணும் பெண்ணும் எதிர்கொள்ளும் வன்முறைகளை ஒப்பிட்டுப் பேசுதல் பாலினப் பாகுபாடு ஆகுமா என்னும் வினா, பெண்ணிய ஆய்வுகளிலும் சட்ட விவாதங்களிலும் தொடர்ந்து எழுப்பப்பட்டு வருகிறது. ஒப்பிடுதலே பெண்ணின் துயரைச் சிறுமைப்படுத்தும் சூழ்ச்சி என்பர் ஒரு சாரார். ஒப்பிட மறுத்தலே ஆணின் துயரைக் கண்டுகொள்ளாமை என்பர் மற்றொரு சாரார். இவ்விரு சாராரும் ஒன்றில் உடன்படுகின்றனர். ஒப்பீடு என்பது ஒரே வகையான செயல் என்று இருவருமே கொள்கின்றனர். அவ்வாறு கொள்வது பொருந்துமா என்பதை, தமிழக-ஆந்திர எல்லைப்புற மலைவாழ் மக்கள் வாழ்வில் நிகழ்ந்த இரு கொடுமைகளைக் கொண்டும், தமிழ் இலக்கிய, இலக்கண மரபு தரும் சான்றுகளைக் கொண்டும் இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

களமும் நிகழ்வுகளும்

காட்பாடியிலிருந்து வடக்கே செல்லும் இருப்புப்பாதை பாகாலாவில் இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை தர்மாவரத்தை நோக்கிச் செல்ல, மற்றொன்று சந்திரகிரி வழியாகத் திருப்பதியை அடைகிறது. நெடுங்காலம் சித்தூர் மாவட்டத்தில் இருந்த பாகாலா மண்டலம், 2022ஆம் ஆண்டு மாவட்டங்கள் பிரிக்கப்பட்டபோது திருப்பதி மாவட்டத்துடன் சேர்க்கப்பட்டது. தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கும் இந்நிலப்பகுதி, திருமலைக்குச் செல்லும் அடியார்க்கு வழியாக இருப்பதோடு கூலி தேடி வடக்கே செல்வோர்க்கும் வழியாக இருந்துவருகிறது. சந்திரகிரிக்கு அப்பால் எழும் சேஷாசல மலைத்தொடர் செம்மரத்தின் தாயகம். கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் மட்டுமே இயல்பாக வளரும் அம்மரத்துக்கு வெளிநாட்டுச் சந்தையில் உள்ள விலையே இப்பகுதியின் அண்மைக்கால வன்முறைக்கு அடிப்படை.

2013 டிசம்பரில் இவ்வனத்தில் வனத்துறை அலுவலர் இருவர் கொல்லப்பட்டனர். அதன்பின் செம்மரக் கடத்தல் தடுப்புக்கென ஆந்திர அரசின் தனி அதிரடிப் படை முனைப்புடன் செயற்பட்டது. 2015 ஏப்ரல் 7 அன்று விடியற்காலையில் சந்திரகிரிக்கு அருகே வனத்தில் இரண்டு இடங்களில் தமிழகத் தொழிலாளர் 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். இறந்தோர் திருவண்ணாமலை, தருமபுரி, சேலம் மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். ஜவ்வாது மலை, சித்தேரி மலை ஊர்களையும் அவற்றின் அடிவாரங்களையும் சேர்ந்த மலையாளிப் பழங்குடியினரும் கூலித் தொழிலாளரும் அவருள் இருந்தனர். மரம்வெட்டிகள் கல்லெறிந்தும் கோடரியால் தாக்கியும் எதிர்த்ததால் தற்காப்புக்காகச் சுட நேர்ந்தது என்பது காவல்துறையின் கூற்று. முதல்நாளே அவர்கள் பேருந்திலிருந்து இறக்கிக் கொண்டு செல்லப்பட்டனர் என்பது தப்பி வந்தோரின் கூற்று. தப்பியவருள் ஒருவர் தாம் பிழைத்தமைக்குக் கூறிய காரணம் இவ்வாய்வின் மையமாக அமைகிறது. பேருந்தில் அவர் ஒரு பெண்ணின் அருகில் அமர்ந்திருந்தார். அவரை அப்பெண்ணின் கணவர் எனக் கருதிய காவலர் அவரை விட்டுவிட்டு உடன் வந்தோரை மட்டும் இறக்கினர் என்பது அவர் அளித்த வாக்குமூலம்.

இதற்கு 23 ஆண்டுகளுக்கு முன்னர், 1992 ஜூன் 20 அன்று, அதே சித்தேரி மலையின் அடிவாரத்தில் அரூர் வட்டத்தைச் சேர்ந்த வாச்சாத்தியில் மற்றொரு கொடுமை நிகழ்ந்தது. பதுக்கிய சந்தன மரங்களைத் தேடுவதாகக் கூறி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் 269 பேர் அவ்வூருள் புகுந்தனர். அவர்கள் வருவதை அறிந்த ஆண்களில் பலர் மலைக்குள் ஓடி ஒளிந்தனர். பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும் ஊரில் தங்கினர். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கப்பட்டனர். வீடுகள் சூறையாடப்பட்டன. சிறைக்கு அனுப்பப்பட்டோரில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளுமே ஆவர். தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியும் தொடர்ந்து நடத்திய போராட்டத்தின் பயனாக வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறையிடம் ஒப்படைக்கப்பட்டது. 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம், அதற்குள் இறந்துவிட்ட 54 பேர் நீங்கலாக எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தது. அவருள் 17 பேர் வன்புணர்வுக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டனர். 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர்நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதி செய்து, பாதிக்கப்பட்ட பெண்கள் ஒவ்வொருவருக்கும் 10 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையிட்டது.

இவ்விரு நிகழ்வுகளிலும் மரமே காரணமாகக் காட்டப்பட்டது. இரண்டிலும் ஆயுதம் தாங்கி நின்றவர் அரசுப் பணியாளர். இரண்டிலும் பாதிக்கப்பட்டோர் மலையையும் மலையடிவாரத்தையும் சேர்ந்த ஏழை மக்கள். ஒன்றில் ஆண்கள் கொல்லப்பட்டனர். மற்றொன்றில் பெண்கள் சிதைக்கப்பட்டனர். இவற்றை அருகருகே வைத்து நோக்குதல் தகுமா என்பதே ஈண்டு எழும் வினா.

விலக்குப் பட்டியலின் மறுபக்கம்

வன்முறைக்கு உரியோர் யார், விலக்குப் பெறுவோர் யார் எனப் பகுக்கும் வழக்கம் தமிழ் மரபில் தொன்மையானது. பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியை நெட்டிமையார் பாடிய புறநானூற்று 9ஆம் பாடல், போர் தொடங்குமுன் ஆக்கள், பார்ப்பனர், பெண்டிர், நோயுற்றோர், மகப்பேறு இல்லாதோர் ஆகியோரைப் பாதுகாப்பான இடம் நாடுமாறு அறிவிக்கும் அறநெறியைப் போற்றுகிறது. இது போரறத்தின் சிறப்பாகவே உரையாசிரியர்களாலும் ஆய்வாளர்களாலும் எடுத்துக்காட்டப்படுகிறது. அச்சிறப்பு மறுக்கத்தக்கதன்று. ஆயினும் எந்த விலக்குப் பட்டியலுக்கும் ஒரு மறுபக்கம் உண்டு. பட்டியலில் இடம்பெறாத உடல்வலிமை மிக்க ஆண் தாக்கத்தக்கவனாக எஞ்சுகிறான். அவன் போரிட விரும்பினானா, ஆயுதம் ஏந்தினானா என்னும் வினாக்கள் எழுவதில்லை. பெண்ணும் தன்னளவில் உரிமையுடைய ஒருத்தியாக அன்றி, ஆவோடும் நோயாளியோடும் ஒருசேர வலியற்றவளாகவே எண்ணப்படுகிறாள்.

சிலப்பதிகாரம் இதனை மேலும் தெளிவாக்குகிறது. மதுரையை எரிக்கும் தீக்குக் கண்ணகி இடும் ஆணையில் பார்ப்பார், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், மூத்தோர், குழந்தைகள் ஆகியோர் விலக்கப்படுகின்றனர். இப்பட்டியலில் பெண்டிர் என்னும் சொல் தனித்து வரவில்லை என்பது கருதத்தக்கது. பத்தினி என்னும் அடை பெற்றே பெண் பாதுகாப்புக்கு உரியவள் ஆகிறாள். முதுமையோ குழவிப் பருவமோ பார்ப்பனப் பிறப்போ இல்லாத ஆண், அறவோன் எனத் தன்னை மெய்ப்பித்தாலன்றிப் பாதுகாப்புப் பெறுவதில்லை. பெண் தன் கற்பை நிறுவ வேண்டும். ஆண் தன் குற்றமின்மையை நிறுவ வேண்டும். இருவரிடமும் கேட்கப்படும் சான்றிதழ் வேறு. எனினும் இருவருமே வாழும் உரிமையை நிபந்தனையின் பேரில் பெறுபவர்கள்.

இந்நோக்கில் பேருந்து நிகழ்ச்சியை மீண்டும் காணலாம். பெண்ணருகே அமர்ந்தவன் குடும்பத்தான். தனித்து அமர்ந்தவன் மரம்வெட்டி. இவ்வாறு பகுத்துக் காட்டியது அவ்விருவர் செய்த எச்செயலும் அன்று. அருகில் ஒரு பெண் இருந்தமையும் இல்லாமையுமே. அவ்வாக்குமூலத்தை ஏற்பின், அன்று அந்த ஏழைத் தொழிலாளிக்குக் கிடைத்தது பழைய விலக்குப் பட்டியலின் நிழல் எனலாம்.

வாச்சாத்தியில் அதே பட்டியல் வேறுவகையில் செயற்பட்டது. தேடி வருவோர் ஆண்களையே பிடிப்பர், பெண்களையும் குழந்தைகளையும் ஒன்றும் செய்யார் என்னும் நம்பிக்கையே ஆண்களை மலைக்கு அனுப்பிப் பெண்களை ஊரில் இருத்தியது. அந்நம்பிக்கை பொய்த்தது. பெண்ணை விலக்கும் அறம், விலக்குவோனின் விருப்பத்தைச் சார்ந்தே நிற்கும். அவன் அதனைத் திரும்பப் பெறும் நாளில் அவளைக் காக்க வேறு அரண் இருப்பதில்லை. மேலும், ஊரின் ஆண்களைப் பணிய வைக்கவும் மானத்தைச் சிதைக்கவும் ஏற்ற இடமாக அவள் உடல் கொள்ளப்படுகிறது. வாச்சாத்தியின் ஊர்த்தலைவரைப் பெண்களைக் கொண்டே துடைப்பத்தால் அடிக்கச் செய்தனர் எனப் பாதிக்கப்பட்டோர் கூறியுள்ளனர். அவ்வொரு செயலில் ஆண் எவ்வாறு அவமதிக்கப்படுவான், பெண் எவ்வாறு கருவியாக்கப்படுவாள் என்னும் இரண்டும் ஒன்றாகக் கட்டப்பட்டுள்ளன. ஒன்றைக் கூறாமல் மற்றொன்றை விளக்க இயலாது.

உலக அளவிலும் இதற்கு ஒப்புமை உண்டு. 1995 ஜூலையில் பொசுனியாவின் சிரெபிரெனிட்சாவில் பெண்களும் சிறுவரும் பிரித்துப் பேருந்துகளில் அனுப்பப்பட்டனர்; ஆண்களும் வளர்ந்த சிறுவர்களும் ஏழாயிரத்துக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். அதே போரில் பெண்கள் மீதான வன்புணர்வு ஓர் ஆயுதமாகவே பயன்படுத்தப்பட்டது. 1985இல் மேரி ஆன் வாரன் பாலினப் படுகொலை என்னும் கருத்தாக்கத்தை முன்வைத்தபோது, அது இருபாலாரையும் உள்ளடக்குவதாகவே அமைந்தது. பின்னர் ஆதம் ஜோன்ஸ் போன்றோர் போர்க்காலத்தில் ஆண்கள் பிரித்துக் கொல்லப்படுதலை அதன்வழி ஆராய்ந்தனர்.

முதுபாலை, தபுதாரம், தாபதம்

ஒப்பீடு எவ்வாறு அமைதல் வேண்டும் என்பதற்குத் தொல்காப்பியம் ஒரு வழியைக் காட்டுகிறது. புறத்திணையியலில் காஞ்சித் திணையின் துறைகளைத் தொகுக்கும் நூற்பா, கடத்தற்கரிய வழியிடையே கணவனை இழந்து தனித்து நிற்பவளின் புலம்பலை முதுபாலை என்கிறது. மனைவியை இழந்தவன் நிலையைத் தபுதார நிலை என்றும், கணவனை இழந்தவள் நிலையைத் தாபத நிலை என்றும் பெயரிடுகிறது. ஆணின் இழப்பும் பெண்ணின் இழப்பும் ஒரே நூற்பாவில் அடுத்தடுத்து வைக்கப்பட்டுள்ளன. இலக்கண நூலார் ஒன்றை உயர்த்தி மற்றதைத் தாழ்த்தவில்லை. இரண்டுக்கும் ஒரே பெயரும் இடவில்லை.

இரண்டு பெயர்கள் ஏன் தேவைப்பட்டன என்பதைப் புறநானூற்றின் 245, 246ஆம் பாடல்கள் உணர்த்துகின்றன. முதற்பாடலில் சேரமான் கோட்டம்பலத்துத் துஞ்சிய மாக்கோதை மனைவியை எரியூட்டிய பின்னும் தான் உயிரோடு இருப்பதை எண்ணி வருந்துகிறான். அடுத்த பாடலில் பூதப்பாண்டியன் தேவி பெருங்கோப்பெண்டு கைம்மை நோன்பின் கொடுமையைக் காட்டி, அதனினும் ஈமத்தீயே தனக்குத் தாமரைப் பொய்கையை ஒத்தது என்கிறாள். இருவர் துயரும் மெய்யானவை. ஆயினும் மாக்கோதையின் துயர் அவன் உள்ளத்தோடு நிற்கிறது. பெருங்கோப்பெண்டின் துயரோ அவள் உண்ணும் உணவு, படுக்கும் இடம், உயிர்வாழும் உரிமை ஆகிய அனைத்தையும் பற்றுகிறது. இழப்பு ஒத்தது, இழப்பின்மேல் சமூகம் சுமத்துவது ஒவ்வாதது. இவ்விரு பாடல்களும் அருகருகே தொகுக்கப்பட்டதனாலேயே இவ்வேறுபாடு புலனாகிறது. ஆகவே ஒப்பீடு பெண்ணின் துயரை மறைக்கும் என்பது எப்போதும் உண்மையன்று. சில வேளைகளில் ஒப்பீடே அத்துயரின் முழு அளவையும் காட்டுகிறது.

சேஷாசல நிகழ்வுக்கும் இது பொருந்தும். கொல்லப்பட்டோர் அனைவரும் ஆண்கள் என்பதால் அதனை ஆண்கள் மீதான வன்முறை என மட்டும் வகைப்படுத்தினால் பாதி உண்மையே கிட்டும். அக்கொலையின் எஞ்சிய பகுதி மலையூர்களின் வீடுகளில் தொடர்ந்தது. தமிழக அரசு இறந்தோர் குடும்பங்களுக்குத் தலா 3 லட்சம் ரூபாய் அறிவித்தது. தேசிய மனித உரிமை ஆணையம் தலா 5 லட்சம் ரூபாய் இடைக்கால நிவாரணம் வழங்கப் பரிந்துரைத்தது. ஆனால் வழிநடையில் கணவனை இழந்தவளின் முதுபாலை, தொகை அறிவிப்போடு முடிவதன்று. இறந்தோருள் ஒருவரின் மனைவி அளித்த புகாரின் பேரிலேயே சந்திரகிரி காவல் நிலையத்தில் அதிரடிப் படையினர் மீது கொலை வழக்குப் பதிவு செய்யப்பட்டது. ஆராயாது கொல்லப்பட்ட கோவலனின் குற்றமின்மையை அவன் இறந்தபின் அவன் மனைவியே அவையில் நிறுவ வேண்டியிருந்தது. கொலையுண்டவன் ஆண், நீதி கேட்கும் சுமையை ஏற்றவள் பெண். இவ்வுறவைக் காணாத ஒப்பீடு எண்ணிக்கை அளவிலேயே நின்றுவிடும்.

பெயரிடலும் பழிசுமத்தலும்

வன்முறை பற்றிய மொழிவழக்கும் பாலின வேறுபாட்டைச் சுமந்து நிற்கிறது. தமிழ் நாளிதழ்களில் நெடுங்காலம் வழங்கிய கற்பழிப்பு என்னும் சொல், குற்றம் இழைத்தவனின் செயலைச் சுட்டாமல் பாதிக்கப்பட்டவளின் இழப்பையே சுட்டுகிறது. அழிந்தது அவளது கற்பு என்னும் கருத்தை அச்சொல்லே நிறுவிவிடுகிறது. பெண்ணிய இயக்கங்களின் எதிர்ப்பால் அச்சொல் பின்னுக்குத் தள்ளப்பட்டுப் பாலியல் வன்கொடுமை, வன்புணர்வு ஆகியவை வழக்கிற்கு வந்தன. இது சொல்மாற்றம் மட்டுமன்று. பழி யாரைச் சேரும் என்பது பற்றிய அறமாற்றம்.

ஆண்களைப் பொறுத்தவரை இத்தகைய மாற்றம் முழுமை பெறவில்லை. சேஷாசலத்தில் இறந்தோரைச் சில செய்திகள் கடத்தல்காரர் என்றன. சில கூலித் தொழிலாளர் என்றன. முதற்சொல்லை ஏற்பவர்க்குக் கொலை ஒரு நடவடிக்கையாகிறது. இரண்டாம் சொல்லை ஏற்பவர்க்கு அது குற்றமாகிறது. மரத்தை வாங்கி விற்றுப் பொருள் ஈட்டியோர் காட்டுக்குள் வருவதில்லை. கோடரியுடன் வருபவனே கடத்தல் என்னும் சொல்லின் முழுச் சுமையையும் ஏற்கிறான். மரம் வெட்டுதல் குற்றமாயினும் அதற்குச் சட்டம் விதித்த தண்டனை சிறையேயன்றி மரணமன்று. அவன் எதற்காகக் காட்டுக்குப் போனான் என்னும் வினாவும், அவள் எதற்காக அந்நேரத்தில் வெளியே போனாள் என்னும் வினாவும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை. வன்முறையின் காரணத்தைப் பாதிக்கப்பட்டவரின் நடத்தையில் தேடுவதே இரண்டுக்கும் பொது.

ஆண்கள் மீது இழைக்கப்படும் பாலியல் கொடுமைக்குத் தமிழில் தனிச்சொல் நிலைபெறவில்லை. காவலில் இருக்கும் ஆணின் பிறப்புறுப்பில் மின்சாரம் பாய்ச்சினால் அது சித்திரவதை என்னும் பொதுச்சொல்லுள் அடங்கிவிடுகிறது. வீரப்பன் தேடுதலின்போது மலைவாழ் மக்கள் பட்ட கொடுமைகளைக் களமாகக் கொண்ட ச. பாலமுருகனின் சோளகர் தொட்டி (2004), ஆண் பெண் இருபாலாரும் பட்ட சித்திரவதைகளை ஒரே வதைக்களத்தின் நிகழ்வுகளாகக் காட்டுகிறது. அத்தேடுதலில் பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு வழங்கத் தேசிய மனித உரிமை ஆணையம் 2007இல் பரிந்துரைத்தபோதும் இருபாலாரும் அதில் இடம்பெற்றனர். ஆண் தனக்கு நேர்ந்ததைச் சொல்ல நாணுகிறான். சொன்னால் ஆண்மை குன்றும் என அஞ்சுகிறான். பெண் சொன்னால் கற்புக்கு இழுக்கு என அடக்கப்படுகிறாள். ஆண்மை, கற்பு என்னும் இரு விழுமியங்களும் இருவர் வாயையும் அடைக்கும் ஒரே பூட்டின் இரு பக்கங்கள் எனலாம்.

எண்களும் சட்டமும்

ஒப்பீடு பெரும்பாலும் எண்களைக் கொண்டே நிகழ்த்தப்படுகிறது. ஐக்கிய நாடுகள் அவையின் போதைப்பொருள், குற்றத்தடுப்பு அலுவலகம் 2019இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2017ஆம் ஆண்டில் உலகில் கொலையுண்டோரில் 81 விழுக்காட்டினர் ஆண்கள். இதனை மட்டும் எடுத்துக்காட்டி ஆண்களே மிகுதியும் பாதிக்கப்படுகின்றனர் என வாதிடுவோர் உண்டு. அதே ஆய்வு, வாழ்க்கைத் துணையால் கொல்லப்பட்டோரில் 82 விழுக்காட்டினர் பெண்கள் என்கிறது. கொலைக்குற்றம் சாட்டப்பட்டோரில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் ஆண்கள் என்றும் கூறுகிறது. மூன்று எண்களையும் சேர்த்து நோக்கும்போதே உண்மை விளங்கும். ஆண் பெரும்பாலும் வெளியில், பிற ஆண்களால் கொல்லப்படுகிறான். பெண் தன் வீட்டில், தனக்கு மிக நெருங்கியவனால் கொல்லப்படுகிறாள். இந்தியாவில் 2019-21ஆம் ஆண்டுத் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், 18 முதல் 49 வயது வரையுள்ள மணமான பெண்களுள் 29.3 விழுக்காட்டினர் கணவரின் வன்முறையை எதிர்கொண்டதாகக் கூறினர். அக்கணக்கெடுப்பு இவ்வினாவைப் பெண்களிடம் மட்டுமே கேட்டது. இதனால் பெண்கள் அளித்த விடையின் உண்மை குறைவதில்லை. கேட்கப்படாத வினாவுக்கு விடை இன்மையை, துன்பம் இன்மை எனக் கொள்ளலாகாது என்பதே இங்கு அறியத்தக்கது.

சட்டத்துறையில் இவ்விவாதம் 2013இல் கூர்மை பெற்றது. தில்லி நிகழ்வுக்குப் பின் அமைந்த நீதியரசர் வர்மா குழு, வன்புணர்வுக் குற்றத்தில் பாதிக்கப்பட்டவர் எப்பாலினராகவும் இருக்கலாம், குற்றவாளி ஆண் எனக் கொள்ளவேண்டும் எனப் பரிந்துரைத்தது. பிப்ரவரியில் வந்த அவசரச் சட்டமோ குற்றவாளியையும் பால்பொதுவாக்கியது. பெண்கள் அமைப்புகள் இதனைக் கடுமையாக எதிர்த்தன. புகார் அளிக்கும் பெண்ணின் மீதே எதிர்ப்புகார் தொடுக்க இது வழிவகுக்கும் என்பது அவற்றின் அச்சம். அவ்வச்சம் அடிப்படையற்றதன்று. அதிகாரம் சமமில்லாத இடத்தில் சொல்லளவில் சமன்செய்வது வலியவனுக்கே துணைபுரியும். இறுதியில் நிறைவேறிய சட்டம் பாதிக்கப்பட்டவர் பெண், குற்றவாளி ஆண் என்னும் பழைய வரையறைக்கே திரும்பியது. வர்மா குழு காட்டிய இடைவழி கைவிடப்பட்டது.

அதன் விளைவு பின்னர் வெளிப்பட்டது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா, இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவுக்கு நிகரான எதனையும் கொண்டிருக்கவில்லை. வயதுவந்த ஆணோ திருநங்கையோ வன்புணர்வுக்கு ஆளானால் அதனை அப்பெயரால் தண்டிக்கும் பிரிவு அதில் இல்லை. திருநர் பாதுகாப்புச் சட்டம் (2019) பாலியல் கொடுமைக்கு விதிக்கும் மிகுதியான தண்டனை இரண்டு ஆண்டுகளே. பெண் வன்புணர்வுக்குக் குறைந்த அளவே பத்தாண்டுகள். குழந்தைகளைப் பொறுத்தமட்டில் 2012ஆம் ஆண்டுப் போக்சோ சட்டம் சிறுவர் சிறுமியர் இருவரையும் ஒருங்கே காக்கிறது. அதனால் சிறுமியரின் பாதுகாப்பு குறைந்துவிடவில்லை. எனவே ஒருவரைச் சேர்த்தல் மற்றவரை நீக்குதலாகத்தான் முடியும் என்னும் முன்முடிவு தேவையற்றது.

மூவகை ஒப்பீடு

மேற்கண்ட சான்றுகளை நோக்க, வன்முறை பற்றிய ஒப்பீடுகளை மூவகையாகப் பகுக்கலாம்.

முதலாவது, மறுத்தற்கு ஒப்பிடல். ஒரு பெண் தனக்கு நேர்ந்ததைக் கூறும்போது, ஆண்களும் பாதிக்கப்படுகின்றனர் எனக் குறுக்கிடுவது இவ்வகை. ஆணின் துயரில் அக்கறை கொண்டு எழுவது போல் தோன்றினும், பெண் பேச்சு அடங்கியதும் இக்குரலும் அடங்கிவிடும். சேஷாசலத்தில் இறந்த இருபது ஆண்களுக்காக அது எழுந்ததில்லை. இது ஐயமறப் பாலினச் சார்புடையது. அது ஆணுக்கும் பயன்படுவதன்று.

இரண்டாவது, எடைபோட ஒப்பிடல். கொலை பெரிதா, வன்புணர்வு பெரிதா எனக் கேட்பது இவ்வகை. உயிர் போனதே பெரிது என விடை சொல்வோர், பிழைத்திருக்கும் பெண் ஒவ்வொரு விசாரணையிலும் அதனை மீண்டும் வாழ நேர்வதைக் காண்பதில்லை. மானம் போனதே பெரிது என விடை சொல்வோர், கற்பு என்னும் பழைய அளவுகோலையே மீண்டும் கையில் எடுக்கின்றனர். எவ்விடையும் அறத்துக்கு ஒவ்வாததாக அமைவதால் வினாவே பிழையுடையது எனல் வேண்டும். வாச்சாத்திப் பெண்கள் விசாரணை நீதிமன்றத் தீர்ப்புக்கு மட்டும் 19 ஆண்டுகள் காத்திருந்தனர். அக்காத்திருப்பை இறப்போடு நிறுத்தப் பொதுவான தராசு இல்லை.

மூன்றாவது, உறவறிய ஒப்பிடல். வன்முறை இவ்வுடலை ஏன் இவ்வாறு தெரிந்தெடுத்தது, அவ்வுடலை ஏன் அவ்வாறு தெரிந்தெடுத்தது, இரு தெரிவுகளையும் இயக்கும் கருத்து யாது எனக் கேட்பது இவ்வகை. ஆண் உடல் உழைக்கவும் அழிக்கவும் உரியது, பெண் உடல் காக்கவும் கவரவும் உரியது என்னும் தந்தைவழிச் சமூகக் கருத்தை இது வெளிக்கொணர்கிறது. தபுதாரத்தையும் தாபதத்தையும் அடுத்தடுத்து வைத்து, இரண்டுக்கும் தனித்தனிப் பெயரிட்ட தொல்காப்பிய நெறி இதனோடு ஒத்தது.

இம்மூன்றாம் வகைக்கும் ஓர் எல்லை உண்டு. ஆண், பெண் என்னும் இரு பகுப்புகளோடு நின்றுவிடும் ஒப்பீடு வேறொன்றை மறைக்கும். சேஷாசலத்தில் இறந்தோர் ஆண்கள் என்பதனாலேயே இறந்தவர்கள் அல்லர். எல்லா ஆண்களுக்கும் அம்முடிவு நேர்வதில்லை. வாச்சாத்திப் பெண்களும் பெண்கள் என்பதனாலேயே அக்கொடுமைக்கு ஆளாகவில்லை. நகரத்துச் செல்வர் வீட்டுப் பெண்களை அவ்வாறு ஏரிக்கரைக்கு இழுத்துச் செல்ல 269 பேர் துணியார். பழங்குடி, கூலி, எழுத்தறிவின்மை, வேற்று மாநிலம், வேற்று மொழி ஆகியவை பாலினத்தோடு சேர்ந்தே அவ்வுடல்களைத் தாக்கத்தக்கவையாக ஆக்கின. ஆந்திராவின் குண்டூரில் காவலில் வதைபட்ட தமிழ்த் தொழிலாளர் அனுபவத்தைப் பதிவுசெய்யும் மு. சந்திரகுமாரின் லாக்கப் நாவலும் இதனையே உணர்த்துகிறது. அங்குச் சிக்கியோர் ஆண்கள். ஆயினும் அவர்களைச் சிக்கவைத்தவை ஏழ்மையும் மொழி அறியாமையும்.

முடிவுரை

ஆண், பெண் வன்முறை அனுபவங்களை ஒப்பிடுதல் தன்னியல்பில் பாலினப் பாகுபாடு ஆகாது. ஒருவர் துயரைக் கொண்டு மற்றவர் துயரை மறுப்பதும், இரண்டையும் ஒரே தராசில் இட்டு நிறுப்பதும் பாகுபாடாகும். ஒப்பீடு முடிந்தபின் இருவர் முறையீடும் முன்னிருந்த வலிமையோடு நிற்கிறதா என்பதே அதன் தகுதியைக் காணும் உரைகல். நின்றால் அவ்வொப்பீடு அறத்தின்பாற்பட்டது. ஒன்று தேய்ந்திருந்தால், எவ்வளவு நயமாகக் கூறப்பட்டிருப்பினும் அது அறத்தின்பாற்பட்டதன்று.

விலக்குப் பட்டியல்கள் பெண்ணைக் காப்பனவாகத் தோன்றினும், அவளுக்கு நிபந்தனையையும் ஆணுக்கு மரணத்தையும் விதிக்கின்றன என்பது இலக்கியச் சான்றுகளாலும் நிகழ்காலச் சான்றுகளாலும் பெறப்படுகிறது. பெண்ணின் அருகே அமர்ந்தமையால் ஒருவர் உயிர் பிழைத்தார் என்பது மகிழத்தக்கதே. ஆயினும் ஒரு நாட்டில் உயிர் வாழும் உரிமை, பேருந்தில் யாருக்கு எந்த இருக்கை கிடைத்தது என்பதைப் பொறுத்து அமைதல் கூடாது. தனித்து அமர்ந்த ஆணும், ஆண்கள் மலைக்கு ஓடியபின் ஊரில் தனித்து நின்ற பெண்ணும், எச்சான்றிதழும் இன்றி மனிதர் என்னும் ஒன்றாலேயே காக்கப்படுதல் வேண்டும். பத்தினி என்னும் அடையும் அறவோன் என்னும் அடையும் கேட்கப்படாத அந்நிலையில், இவ்விரு துயரங்களையும் அருகருகே வைத்துப் பேச எவரும் அஞ்சத் தேவையிராது.